காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

நகராட்சித் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் மேடம் என்பார்கள். வீட்டில் அக்கா, அண்ணி, பெரியம்மா. கடிகாரம் என்று கூப்பிட இந்த உலகத்தில் இப்போது ஒருத்திதான் மிச்சம். அந்த ஒருத்தியும் கடல் தாண்டி இருக்கிறாள். இங்கே மத்தியானமா விடியற்காலையா என்றெல்லாம் பார்க்கமாட்டாள். போனைப் போட்டு, "என்னடி கடிகாரம், ஓடுதா?" என்பாள். அந்தக் குரல் காதில் விழுந்ததும் பரிசோதனைக் கூடத்து மேடம், கையில் பிடித்த தண்ணீர் பாட்டிலோடு, இருபத்திரண்டு வயதுக்குப் போய்விடுவாள்.

அந்த வயதில் இருவருக்கும் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் சமையல்கூடத்துப் புகை. மூடினால் நண்டு வாடை. காரணம், அறைத்தோழி ஆற்று நண்டுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். துறையில் இடமில்லாதபோதெல்லாம் பிளாஸ்டிக் தொட்டிகளை அறைக்கே கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். அதனால் விடுதி முழுக்க அவளுக்கு நண்டு என்று பெயர். அந்தப் பெயருக்கு இன்னொரு பொருத்தமும் இருந்தது. எந்த வேலைக்கும் அவள் நேராகப் போனதில்லை. பக்கவாட்டில் நகர்ந்து, எங்கெங்கோ சுற்றி, கதவு மூடப்போகிற நேரத்தில்தான் போய்ச் சேருவாள்.

கடிகாரம் அப்படியே நேர்மாறு. பரீட்சைக்குக் கூடம் திறக்கும் முன்பே வாசலில் நிற்பவள் அவள். குடிதண்ணீர்த் தொட்டிகளில் பிடிக்கும் பாசிதான் அவள் படிப்பு. மேலே படிக்க வேண்டுமென்றால் யாராவது உதவித்தொகை தந்தால்தான் உண்டு. அப்பா டவுன்பஸ் கண்டக்டர், அம்மா சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைப்பவள். அவர்கள் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. சொல்லாததால்தான் அவளுக்குக் கேட்க மனம் வரவில்லை.

நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. எந்த அறக்கட்டளை எதற்கு உதவித்தொகை தருகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி மேசைக்காலில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். கடிகாரம் சனிக்கிழமை தோறும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மாலுமிகளின் பிள்ளைகளுக்கு, இரட்டைப் பிறவிகளுக்கு, இடதுகைக்காரர்களுக்கு என்று எத்தனையோ. தனக்குப் பொருந்துவதைத் தேடித் தேடிக் குறித்துக்கொள்வாள். இடதுகைக்காரர் உதவித்தொகையைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் இடதுகையால் எழுதிப் பழகினாள் என்று நண்டு இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது பச்சைப் பொய். இரண்டு நாள்தான் பழகினாள்.

விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகப் போயின. பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் ஒரே மாதிரி: மிகவும் வருந்துகிறோம்.

நண்டு கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "ரொம்ப வருந்தறாங்களாம்டி. பாவம், நாம ஒரு எட்டு போய் ஆறுதல் சொல்லிட்டு வரலாமா?" என்பாள். கடிகாரத்துக்குக் கோபம் வரும். பாதிக் கோபத்திலேயே சிரிப்பு வந்துவிடும்.

விடுதியில் கிடைத்த ஆறுதல் ஊரில் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் நடப்பதெல்லாம் மறுநாள் காலை பஸ் ஏறிவிடும். அவர் ஓடுகிற வழித்தடத்தில் வழக்கமாக வரும் பயணிகள் அத்தனை பேருக்கும் அவளுடைய விண்ணப்பங்கள் மனப்பாடம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போக அந்த பஸ்ஸில் ஏறினால், பின்சீட்டிலிருந்து ஒரு அம்மா, "அந்த இடதுகைக்காரங்க பதில் போட்டாங்களா கண்ணு?" என்று கேட்பாள். அதற்குப் பயந்தே அவள் வேறு பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போவாள்.

கடைசி வருடத்தில்தான் ஒரு பெரிய உதவித்தொகைக்கு அறிவிப்பு வந்தது. முனைவர் பட்டம் முடியும்வரை மொத்தச் செலவும் அவர்களுடையது. உயிரியலுக்கு ஒரே ஒரு இடம். கடிகாரம் அறிவிப்பைப் பார்த்த அன்றே எழுத உட்கார்ந்தாள். கடைசித் தேதிக்கு வெகு முன்னால் உறை ஒட்டி அனுப்பிவிட்டாள். ஏதாவது ஒன்றுக்கு உதவும் என்று பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதங்களைக்கூட நாலைந்து சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டாள்.

"நீயும் போடேன்டி" என்று நண்டிடம் சொன்னவளும் அவள்தான்.

"நாளைக்கு" என்றாள் நண்டு.

அந்த நாளைக்கு கடைசி நாளன்றுதான் வந்தது. நண்டு எழுத, கடிகாரம் பக்கத்திலேயே நின்று மேற்கோள்களைச் சரிபார்த்து, செலவுக் கணக்கைத் திருத்தி, பேராசிரியர் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்துக் கையெழுத்து வாங்கிவந்தாள். நண்டின் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது: மழைக்காலத்தில் ஆறு பெருகினால் நண்டுகளை எப்படி எண்ணுவது என்று எழுதவே இல்லை. அதையும் கடிகாரம்தான் சுட்டிக்காட்டினாள். "ஐயோ, ஆமாம்ல!" என்று நண்டு அங்கேயே, நின்றபடியே, ஒரு பத்தி எழுதிச் சேர்த்தாள்.

இருவருக்கும் நேர்காணல் வந்தது. கடிகாரம் எல்லாவற்றையும் உருப்போட்டுக்கொண்டு போனாள். ஏன் பாசி என்று கேட்டார்கள். தண்ணீரின் தரத்தைத் தீர்மானிக்கும் உயிரினங்களில் பாசிக்கு உள்ள முக்கியத்துவத்தை அவள் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாள். பாதியில் ஒரு உறுப்பினர் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் அதைக் கவனித்துவிட்டாள். ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை.

அடுத்து நண்டு போனாள். கதவுக்கு வெளியே வரை சிரிப்புச் சத்தம் கேட்டது. நண்டுகளால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்டார்களாம். "அதை அதுங்ககிட்டதான் கேக்கணும் சார். நான் கேட்டுச் சொல்றேன், அதுக்குத்தான் பணம் கேக்கறேன்" என்றாளாம்.

முடிவு வந்தபோது நண்டின் பெயர் தேர்வானவர் பட்டியலில் இருந்தது. கடிகாரத்தின் பெயர் காத்திருப்போர் பட்டியலில், முதலாவதாக. தேர்வானவர் எழுத்து மூலம் விலகிக்கொண்டால் இடம் இவளுக்கு. தேர்வானவருக்கு மட்டும் தெரிவித்திருந்த தேதிக்குள் அப்படி விலகாவிட்டால், இடம் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான்.

அப்பா செய்தியை அன்றே பஸ்ஸில் அறிவித்துவிட்டார். "வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் பேரு!"

வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர், "அப்படின்னா கவலையே இல்லப்பா. உக்காந்திருக்கறவங்க எழுந்திருக்கணும், அவ்வளவுதான்" என்றாராம்.

உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்க ஒரு காரணமும் சீக்கிரமே வந்தது. நண்டுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து முழு உதவியோடு இடம் கிடைத்தது. அறையில் இரண்டு பேரும் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். கீழே தொட்டியில் நண்டுகள் கலவரப்பட்டன. அன்றைக்குக் கடிகாரத்துக்குத் தோழிக்காகச் சந்தோஷமா தனக்காகச் சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும்தான்.

ஆனால் நண்டு விலகல் கடிதம் எழுதவில்லை.

ஒரு வாரம் போயிற்று. பாஸ்போர்ட்டுக்கு அலைந்தாள், பெட்டி வாங்கினாள், சினிமாவுக்குப் போனாள். கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கடிகாரமும் கேட்கவில்லை. கேட்டால் பிச்சை கேட்பதுபோல் ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. அவளாகச் செய்யட்டும் என்று இருந்தாள். இருக்க இருக்க, முகம் தானாகத் தூக்கிக்கொண்டது. காலையில் நண்டை எழுப்புவதை நிறுத்தினாள். டீயை ஒரு டம்ளர் மட்டும் வாங்கிவந்தாள். நண்டுக்கு அது உறைத்ததா இல்லையா என்றும் தெரியவில்லை, "இன்னைக்கு டீ இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் துணி துவைக்கும் இடத்தில், சோப்பு நுரைக்கு நடுவே, கடிகாரம் வாயைத் திறந்தாள்.

"அந்தக் கடிதத்தை எழுதினியா இல்லியா?"

நண்டு பிழிந்துகொண்டிருந்த துணியை மேலும் பிழிந்தாள். "எழுதிட்டேன். அனுப்பல."

"ஏன்?"

"பயமா இருக்குடி." நண்டு அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. "அங்க போய் எனக்கு ஒத்துக்கலேன்னா? ஒரு மாசத்துல ஓடி வந்துட்டேன்னா? ரெண்டையும் பிடிச்சுக்கிட்டிருந்தாத்தான் தூக்கம் வருது."

"உனக்குத் தூக்கம் வரணும்னு நீ பிடிச்சுக்கிட்டிருக்கறது என்னோட படிப்புடி."

நண்டு ஈரக் கையோடு எழுந்து போனாள். அன்றே கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்தவள் அறை வாசலிலேயே நின்றாள். தேதி முந்தின நாளே முடிந்துவிட்டதாம். இடம் அடுத்த வருடக் கணக்கில் போய்விட்டதாம்.

"நான் வேணும்னு பண்ணல" என்றாள்.

கடிகாரம் இரண்டு மாற்றுத் துணியைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். அன்று சுற்றுவழி பஸ்ஸுக்குப் போகத் தெம்பில்லை. அப்பாவின் பஸ்ஸிலேயே ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். வாய் நீளமான மனிதர், அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, "என்னாச்சு கண்டக்டரே, பொண்ணுக்கு?" என்று ஆரம்பித்தபோது, "டிக்கெட் எடுத்தாச்சா? முதல்ல டிக்கெட் எடுங்க" என்று அதட்டிவிட்டார். அந்த அதட்டலில்தான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

வீட்டில் இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் கதவைத் தட்டி நண்டு வந்து நின்றாள். கையில், துறை அறிவிப்புப் பலகையிலிருந்து குண்டூசியோடு பிடுங்கிவந்த ஒரு தாள்.

"உள்ள வரலாமா அம்மா?"

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். "வந்துட்டே. வெளிய நின்னா மட்டும் என்ன ஆகப்போகுது? வா."

தண்ணீர் பம்பு செய்யும் குடும்பம் ஒன்று வைத்திருந்த சின்ன அறக்கட்டளை அது. நகரத்துத் தண்ணீரைப் பற்றி ஆராய ஒரு வருட உதவி. அந்தத் தடித்த புத்தகத்தில்கூட இல்லாதது. கடைசி நாள் அன்றைக்குத்தான். சாயங்காலம் அலுவலகம் மூடுவதற்குள் சேர்க்க வேண்டும்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் கடிகாரம். "ஒரே நாள்ல எல்லாம் என்னால எழுத முடியாது. உன்கூட உக்காந்து எழுதவும் முடியாது."

அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: "கோவத்தை அப்புறமா வச்சுக்கோ. அது எங்கயும் போயிடாது. இப்ப எழுது."

தையல் மெஷின் பலகையை மூடி அதையே மேசையாக்கினார்கள். நண்டு பேனாவை எடுத்தாள். "நீ சொல்லு, நான் எழுதறேன். உனக்கு ஏன் பாசி?"

"தண்ணீரின் தரத்தைத் தீர்மானிக்கும் உயிரினங்களில்..."

"நிறுத்து. அது ஜன்னலைப் பாத்தாரே, அவருக்குச் சொன்னது. எனக்குச் சொல்லு."

கடிகாரம் எரிச்சலோடுதான் ஆரம்பித்தாள். அவர்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. அப்பா லீவு நாளில் அதைக் கழுவப் போகும்போது சின்ன வயதில் அவளும் கூடப் போவாள். தொட்டி மூடியில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வெயில் விழுகிற பக்கம் மட்டும் பச்சையாக வழுக்கும். மறுபக்கம் சுத்தமாக இருக்கும். அது ஏன் என்று அப்பாவைக் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அதனால் அவளே சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துப்போய் ஓட்டையை அடைத்து, மேலே கல் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த முறை கழுவப் போனபோது பச்சை முன்புபோல் பாதிகூடப் பிடித்திருக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

சமையலறையில் ஏதோ விழுந்தது. அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அந்தத் தட்டை எடுத்தது நீயா! எதிர்வீட்டுக்காரிதான் எடுத்துட்டான்னு அவகூட நான் ஒரு வருஷம் பேசாம இருந்தேனேடி!"

நண்டு பலகைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். கடிகாரம் எவ்வளவு அடக்கியும் முடியவில்லை. மூவரும் சிரித்து ஓய வெகு நேரம் ஆயிற்று. "இதையும் எழுதவா?" என்று நண்டு கண்ணைத் துடைத்தாள். "எழுது" என்றாள் கடிகாரம். அதன்பிறகு பேச்சு தானாக வந்தது. எந்தெந்தத் தெருத் தொட்டிகளைப் பார்க்க வேண்டும், எப்படி மாதிரி எடுக்க வேண்டும், எது தனக்கு இன்னும் தெரியாது என்பது உட்பட. முன்பே வாங்கி வைத்த பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றை நண்டு விடுதியிலிருந்து எடுத்து வந்திருந்தாள்; அதையும் சேர்த்து உறையில் போட்டார்கள்.

நகரத்துக்குப் போக அப்போது வந்த பஸ் அப்பாவுடையதே. விஷயம் தெரிந்ததும் பயணிகள் எல்லோரும் ஒரே குரலில், "நடுவுல எங்கயும் நிறுத்தாதீங்க கண்டக்டரே, நேரா விடச் சொல்லுங்க" என்றார்கள். பின்சீட்டு அம்மா தன்னைத் திரும்பும்போது இறக்கிவிட்டால் போதும் என்றாள். அப்பா அசையவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசில் ஊதினார். மூட்டையோடு ஒருத்தி ஓடிவந்தபோது அவளுக்காக நின்று, மூட்டையைக் கைகொடுத்து ஏற்றியும்விட்டார்.

"அப்பா!" என்றாள் கடிகாரம்.

"உனக்கு வேலை இருக்கற மாதிரி அவங்களுக்கும் இருக்கும்மா" என்றார். ஆனால் எண்ணி முடித்த சில்லறையை அவர் மறுபடி முதலிலிருந்து எண்ணியதை அவள் பார்த்தாள்.

அறக்கட்டளை அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மாடியில். இருவரும் படியேறி ஓடியபோது காவலாளி ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். நண்டு ஒரே எட்டில் போய்க் காலை உள்ளே நீட்டினாள்.

"காலை எடும்மா, நசுங்கிடும்."

"நீங்க இந்த உறையை எடுங்கண்ணா, நான் காலை எடுக்கறேன்."

அவர் எடுத்துக்கொண்டார்.

நேர்காணலில் பம்பு முதலாளியின் மகள்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "அம்மாவுக்குத் தட்டு திரும்பக் கிடைச்சுதா?" அன்றைக்குக் கடிகாரம் எதையும் ஒப்பிக்கவில்லை. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றாள். யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

முடிவு வருவதற்குள் நண்டு கிளம்பும் நாள் வந்துவிட்டது. அதற்கு முந்தின சாயங்காலம் இருவரும் தொட்டிகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் நண்டுகளை விட்டார்கள். மற்றதெல்லாம் சேற்றுக்குள் மறைந்துவிட்டன. ஒன்று மட்டும் கரையிலேயே நின்று, இவர்களைப் பார்த்துக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"என்மேல கோவம் போயிடுச்சா?" என்று நண்டு கேட்டாள்.

"பாதி" என்றாள் கடிகாரம்.

உதவித்தொகை கிடைத்தது. அந்த ஒரு வருடம் அவள் நகரத்து மாடிகளெல்லாம் ஏறினாள். எந்த வீட்டுத் தொட்டி எப்படி என்று அவளுக்கு அத்துப்படி. அந்த வேலையைப் பார்த்துத்தான் நகராட்சி அவளைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டது. முனைவர் பட்டம் வாங்கப் பின்னாளில் ஒருமுறை முயன்றாள். அதற்குள் கல்யாணம், அப்பாவின் முழங்கால், தம்பியின் படிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விட்டுவிட்டாள். நண்டு ஒரு மாதத்தில் ஓடிவரவில்லை. அங்கேயே படித்து, அங்கேயே பேராசிரியையாகி, இப்போது மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கிறாள்.

போன வருடம் நண்டு வந்திருந்தாள். திரும்பிப் போகும் நாளில் கடிகாரம் விமான நிலையம் வரை கூடப் போனாள். நரைத்த தலைகள் இரண்டும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் காலி செய்தன.

"அந்தப் பெரிய உதவித்தொகை உனக்குக் கிடைச்சிருந்தா?" என்று நண்டு திடீரென்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அதைக் கேட்டதே இல்லை.

கடிகாரம் மடியில் விழுந்த பிஸ்கட் துகளைத் தட்டினாள். உள்ளே எங்கோ அந்த மீதிப் பாதி இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். ஒரு மூலையில் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதோடு சேர்ந்து அந்த அறை, ஒற்றை டம்ளர் டீ, தையல் மெஷின் பலகை, அப்பாவின் விசில் எல்லாம் வந்தன. எதையும் தனியாகப் பிரித்தெடுத்து வீச முடியவில்லை.

"பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருப்பேன்" என்றாள். "அடிக்கடி ஆசையா இருந்திருக்கு. இல்லேன்னு சொல்லமாட்டேன்."

நண்டு தலையாட்டினாள். கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அறிவிப்பு வரும்வரை விடவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் அவள் உருவம் மறைந்தபின் கடிகாரம் வெளியே வந்தாள். போனில் அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. ரயில்வே காலனிப் பக்கம் குழாயில் வாடை வருகிறதாம். வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போய்விட்டு வரலாம் என்று ஆட்டோவைக் கைகாட்டினாள்.